கொட்டும் மலரும் குடியிருக்கும் மீனும்

வீட்டின் முன்னறையில் கண்ணாடித் தொட்டி அமைத்து மீன் வளர்ப்பது நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கமாகும். பொன்மீனும் கப்பியும் நீந்திய நன்னீர்த் தொட்டிகளுக்கு அருகே இன்று உப்புநீர்த் தொட்டிகளும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அத்தகைய தொட்டியில் காண்போர் கண்ணை முதலில் கவர்வன, மலர்போல் விரிந்து ஆடும் ஓர் உயிரும், அதன் இதழ்களுக்கிடையே அச்சமின்றிப் புகுந்து விளையாடும் செம்மஞ்சள் நிற மீனும் ஆகும். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் திரைப்படம் இவ்விணையைப் பல நாட்டுச் சிறுவர்க்கும் அறிமுகம் செய்தது.

ஆனால் அம்மலர் கொட்டும் இயல்புடையது. தனக்குள் ஒரு மீனைக் குடிவைத்திருக்கும் அதுவே மற்றொரு மீனைப் பற்றி விழுங்கவும் வல்லது. கொட்டும் உயிரையும் மீன்களையும் ஒரே தொட்டியில் தீங்கின்றி வளர்ப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பெயரும் இயல்பும்

நம் பாடநூல்கள் இவ்வுயிரைக் கடல் சாமந்தி என்று வழங்குகின்றன. பெயர் பூவின் பெயராயினும் உயிர் தாவரமன்று, விலங்கேயாகும். ஜெல்லி மீனும் பவளமும் இதன் உறவினங்கள். பாறையைப் பற்றிக்கொள்ளும் தசைப்பாதம், உருண்ட உடல், உச்சியில் ஒரு வாய், அவ்வாயைச் சூழ்ந்த உணர்நீட்சிகள் என்பனவே இதன் உறுப்புகள். உண்பதும் கழிவை வெளியேற்றுவதும் அவ்வொரு வாய் வழியாகவே நிகழ்கின்றன. உலகக் கடல்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கடல் சாமந்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் கோமாளி மீனுக்கு இடமளிப்பவை ஏறத்தாழப் பத்து இனங்களே என்பது குறிப்பிடத்தக்கது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கிறது. தொடுதலை மட்டும் அறிவது ஓரறிவுயிர். அதனோடு சுவையையும் அறிவது ஈரறிவுயிர். கடல் சாமந்தியைப் பார்த்த அளவில் ஓரறிவுடைய செடியென்றே எண்ணத் தோன்றும். ஆயினும் அது தொடுதலை உணர்வதோடு, தொட்ட பொருளின் வேதியியல் சுவையையும் உணர்ந்தே கொட்டுகிறது. இவ்விரண்டாம் உணர்வே மீனின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கிறது.

கொட்டும் கருவி

உணர்நீட்சிகளின் மேற்பரப்பில் எண்ணற்ற கொட்டும் செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நுண்ணிய உறை, அவ்வுறைக்குள் சுருட்டி வைக்கப்பட்ட ஒரு நுண்ணிழை, அவற்றோடு நஞ்சு. இதே தொகுதியைச் சேர்ந்த ஹைட்ராவை ஆராய்ந்தோர், அவ்வுறையினுள் ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தம் நிலவுவதைக் கணித்துள்ளனர். நுண்ணிழை வெடித்து வெளிவர ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரமே ஆகிறது. மீன் உணர்ந்து விலகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒருமுறை வெடித்த செல் மீண்டும் பயன்படாது; அதன் இடத்தில் புதிய செல் வளரும்.

தொட்டதெல்லாம் இச்செல்களை வெடிக்கச் செய்வதில்லை. மீன்களின் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான சளிப்படலத்தில் சில சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. அவற்றின் சுவையும் தொடுதலும் ஒருங்கே சேரும்போதுதான் கொட்டும் செல் முழு வேகத்துடன் செயல்படுகிறது.

கோமாளி மீனின் காப்பு

கத்பர்ட் காலிங்வுட் என்னும் ஆங்கிலேய இயற்கையியலார், பெரிய கடல் சாமந்திகளுக்குள் மீன்கள் வாழ்வதைச் சீனக் கடற்பகுதியில் கண்டு 1868-இல் அறிவித்தார். அது முதல் இம்மீன் எவ்வாறு தப்புகிறது என்னும் வினா அறிஞர்களை ஈர்த்து வந்துள்ளது. கோமாளி மீனின் சளிப்படலத்தில் சியாலிக் அமிலம் என்னும் பொருள் பிற மீன்களில் உள்ளதைவிட மிகக் குறைவு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. 2025-இல் வெளிவந்த ஆய்வும் இதனை வலியுறுத்தியது. மீனென்று அறிவிக்கும் சுவை இல்லாமையால் கொட்டும் செல் வாளாவிருக்கிறது.

இதனோடு பழக்கமும் சேர்கிறது. புதிய சாமந்தியை அடையும் கோமாளி மீன் உடனே உள்ளே பாய்வதில்லை. முதலில் வாலையும் துடுப்பையும் தொட்டுத் தொட்டு விலகும். சிறிது சிறிதாக நெருங்கிய பின்னரே முழுவதுமாகப் புகும். இதற்குச் சில மணித்துளிகளும் ஆகலாம், சில நாள்களும் ஆகலாம்.

இவ்வுறவில் இரு பாலார்க்கும் நன்மை உண்டு. மீனுக்குப் புகலிடம் கிடைக்கிறது. சாமந்தியின் உடலுக்குள் வாழும் ஒருசெல் பாசிகளுக்கு மீனின் கழிவு உரமாகிறது. சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கோமாளி மீன் துரத்துகிறது. இரவில் அதன் துடுப்பசைவு சாமந்தியைச் சுற்றி நீரை இயக்கி உயிர்வளி சேர்க்கிறது.

கடல் வேறு, தொட்டி வேறு

இவ்வளவையும் அறிந்தோர், இயற்கையில் அமைந்த இவ்வுறவைத் தொட்டிக்குள் கொண்டுவந்தால் தானே நடக்கும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணமே பல தொட்டிகள் அழியக் காரணமாகிறது. கடலில் சாமந்தியை விரும்பாத மீன் விலகிப் போகலாம். இடம் பிடிக்காத சாமந்தி வேறு பாறை தேடலாம். செத்த உயிரின் நஞ்சு பெருநீரில் கரைந்து போகும். கண்ணாடிச் சுவர்களுக்குள் இம்மூன்றும் இல்லை. ஆதலின் கடலின் பரப்பு செய்யும் காவலைத் தொட்டியில் வளர்ப்பவரே செய்தல் வேண்டும். மீன்களின் பாதுகாப்பு மீன்களிடத்தில் தொடங்குவதன்று. சாமந்தி நலமுடன் ஓரிடத்தில் நிலைகொள்வதில் தொடங்குவது.

எதனைத் தேர்வது

முதலில் வளர்ப்போர்க்கு ஏற்றது, வணிகத்தில் 'பபிள் டிப்' எனப்படும் குமிழ்நுனிச் சாமந்தியாகும். உணர்நீட்சிகளின் நுனி சிறு குமிழாகப் பருத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. அறிவியற்பெயர் என்டக்மேயா குவாட்ரிகலர். இதன் கொட்டும் வலிமை நடுத்தரமானது. தொட்டி வாழ்வுக்கும் நன்கு பழகும். இது ஏறத்தாழ 30 செ.மீ. அகலம் வரை வளரக்கூடும் என்பதை நினைவிற்கொண்டு, 150 லிட்டருக்குக் குறையாத தொட்டியை அமைப்பது நலம்.

'கார்ப்பெட்' எனப்படும் கம்பளச் சாமந்திகள் அழகில் மிக்கவை. ஆயினும் கொட்டுவதிலும் மிக்கவை. இவை அரை மீட்டருக்கு மேல் விரிந்து, அருகில் வரும் மீனைப் பற்றி உண்ணும். நம் மன்னார் வளைகுடாவில் வாழும் செபே கோமாளி மீன், ஸ்டைகோடாக்டைலா ஹாடோனி என்னும் கம்பளச் சாமந்தியிலேயே குடியிருக்கிறது. அம்மீனுக்குக் காப்பாகும் அச்சாமந்தியே அத்தொட்டியின் பிற மீன்களுக்குக் கூற்றாகலாம். குழாய்ச் சாமந்தி என்று விற்கப்படும் உயிர் உண்மையில் வேறொரு பிரிவைச் சேர்ந்தது. அதுவும் வலிமையாகக் கொட்டும். சிறு மீன்கள் உள்ள தொட்டிக்கு இவ்விரண்டும் பொருந்தா.

எந்த மீனும் எந்தச் சாமந்தியையும் ஏற்கும் என்பதும் பிழை. கிளார்க்கி கோமாளி மீன் சாமந்தி இனங்கள் பலவற்றிலும் வாழும். மெரூன் கோமாளி மீனோ இயற்கையில் குமிழ்நுனிச் சாமந்தியை மட்டுமே நாடும். திரைப்படத்தால் புகழ்பெற்ற ஓசெல்லாரிஸ் இயற்கையில் குமிழ்நுனியில் வாழ்வதில்லை. ஆனால் தொட்டியில் பெரும்பாலும் அதனை ஏற்றுக்கொள்கிறது. ஏற்காவிடினும் கவலையில்லை. துரத்தி உண்ணும் பகை இல்லாத தொட்டியில், சாமந்தி இன்றியே கோமாளி மீன் நெடுங்காலம் நலமாக வாழும்.

கடையில் வாங்கும்போது வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதம் கிழியாதிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பால் போல் வெளுத்திருப்பது, உடலின் பாசிகளை இழந்து நலிந்த சாமந்தி. பளிச்சென்ற மஞ்சளிலும் நீலத்திலும் தோன்றுவன சில, சாயம் ஏற்றப்பட்டவை. இவற்றைத் தவிர்த்தல் நன்று.

நீரும் ஒளியும்

புதிய தொட்டியில் சாமந்தியை விடுதல் ஆகாது. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பின்னர் மீன்களை விடலாம். சாமந்தியோ, தொட்டி நிலைபெற்று ஆறு மாதங்களேனும் ஓராண்டேனும் கழிந்த பின்னரே விடத்தக்கது.

நீரின் வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி 1.025 அளவு, அமில காரநிலை 8.1 முதல் 8.4, அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றிலும் இன்மை ஆகியன நாம் பேண வேண்டிய அளவுகள். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த அளவை உப்புநீரால் நிரப்பாமல், ஆர்.ஓ. நன்னீரால் நிரப்புதல் வேண்டும். இதனை மறந்தால் உப்பு நாளுக்குநாள் ஏறும். நம் நாட்டுக் கோடையில் அறை நீரே 30 டிகிரியைக் கடந்துவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெப்பம் மிகுந்து வெளுத்தன. தொட்டிச் சாமந்தியும் அவ்வாறே வெளுக்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லரோ, நீர்ப்பரப்பில் காற்று வீசும் விசிறியோ தேவைப்படும். மின்தடையின்போது நீர் அசைவற்றுப் போகாதிருக்க, பேட்டரியில் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்றையும் வைத்திருத்தல் வேண்டும்.

சாமந்தியின் உணவில் பெரும்பங்கை அதன் உடற்பாசிகள் ஒளியைக் கொண்டே ஆக்குகின்றன. எனவே வரவேற்பறையின் சாதாரண விளக்கு போதாது. பவளம் வளர்ப்பதற்கென அமைந்த வலிய எல்.இ.டி. விளக்கு வேண்டும்.

இடமும் மோட்டாரும்

கொட்டுதலினும் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. அது தொட்டிக்குள் நீரை ஓடச்செய்யும் மோட்டார். ஒளியோ நீரோட்டமோ ஒவ்வாதபோது சாமந்தி பாதத்தைத் தளர்த்தி நடக்கத் தொடங்கும். அவ்வாறு நடந்து மோட்டாரின் உறிஞ்சுவாயை அடைந்தால் துண்டு துண்டாகச் சிதையும். சிதைந்த உடலிலிருந்து நஞ்சும் அழுகலும் பரவி, ஓரிரவில் தொட்டி மீன்கள் அனைத்தும் மடிவதுண்டு. ஆகவே சாமந்தி வருமுன்பே ஒவ்வொரு மோட்டாரின் உறிஞ்சுவாய்க்கும் ஸ்பாஞ்ச் உறையோ நுண்வலையோ பொருத்துதல் வேண்டும். ஸ்பாஞ்சு அடைபட்டால் நீரோட்டம் குன்றும். அதனை வாரந்தோறும் அலசுதல் வேண்டும். நீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் துளையிட்ட காப்புறை வேண்டும்.

குமிழ்நுனிச் சாமந்தி தன் பாதத்தைப் பாறை இடுக்கின் நிழலிலும், உணர்நீட்சிகளை ஒளியிலும் வைத்திருக்க விரும்புவது. மணற்பரப்பின் நடுவே தனித்தீவு போல் ஒரு பாறையை அமைத்து, அதன் பிளவில் இருத்தினால் பிற பாறைகளுக்குத் தாவும் வாய்ப்புக் குறையும். ஓரிடத்தில் பற்றியதைப் பிய்த்தெடுத்தல் ஆகாது. பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. இடம் மாற்ற வேண்டின் பாறையோடு சேர்த்து மாற்றுவதே முறை. வெவ்வேறு சாமந்தி இனங்களை ஒரு தொட்டியில் சேர்த்தலும் தவிர்க்கத்தக்கது.

உடன் வாழத்தக்கன, தகாதன

சாமந்தி உள்ள தொட்டிக்கு, நீரில் தெளிவாக நீந்தி இரவில் பாறை இடுக்கில் ஒதுங்கும் மீன்களே ஏற்றவை. மூன்று புள்ளி டாம்செல் மீனின் குஞ்சுகள் கோமாளி மீனைப் போலவே சாமந்திக்குள் வாழ்வன. கோமாளி மீன்களில் ஓரினத்தின் ஓர் இணையே போதும். வேறு இனத்தைச் சேர்த்தால் ஓயாத போர் மூளும்.

கடற்குதிரை, குழல்மீன், மாண்டரின் மீன் ஆகியன மெல்ல இயங்குவன; எதையேனும் பற்றிக்கொண்டோ தரையில் ஊர்ந்தோ வாழ்வன. இவை சாமந்தியின்மேல் எளிதில் சாய்ந்துவிடும், சேர்த்தல் ஆகாது. மறுபுறம், சாமந்தியையே உண்ணும் வண்ணத்துப்பூச்சி மீன்களும், கடித்துப் பார்க்கும் பேத்தை மீன்களும், கிளாத்தி இன மீன்களும் தகாதன.

புதிய மீனை விடும் நேரமே மிகுந்த இடர் உள்ள நேரம். அஞ்சிய மீன் கண்மூடித்தனமாகப் பாயும். ஆகவே விளக்கை அணைத்து, சாமந்திக்கு எதிர்ப்புறத்தில், ஒளிவதற்கு இடுக்குகள் உள்ள பாறையருகே விடுதல் வேண்டும். இரவில் அறை விளக்கைத் திடீரென ஏற்றுவதும் உறங்கும் மீன்களை அவ்வாறே பாயச் செய்யும். மேலும் புதிய மீன்களை நான்கு வாரமேனும் தனித்தொட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு இடும் செம்பு கலந்த மருந்து மீனைக் காக்கும், சாமந்தியைக் கொன்றுவிடும். மருத்துவம் தனித்தொட்டியிலேயே நடைபெறல் வேண்டும்.

சாமந்தியின் பிடியில் ஒரு மீன் காணப்பட்டால், அது கொன்றது என்று உடனே முடிவு செய்யலாகாது. நோயால் தளர்ந்த மீன் நீரோட்டத்தில் மிதந்து அதன்மேல் விழுவதும் உண்டு. உணவாக எஞ்சிய பிற மீன்களின் மூச்சையும் தோலையும் உற்றுநோக்கி, நீரைச் சோதித்தலே முதற்கடமை.

உணவும் கைக்காப்பும்

வாரம் ஒருமுறை அல்லது இருமுறை, விரல் நகத்தளவு இறால் துண்டோ மீன் துண்டோ கொடுத்தல் போதும். பெருந்துண்டை விழுங்கினால் செரிக்காது உமிழ்ந்து நீரைக் கெடுக்கும். மீன்களுக்கு முதலில் உணவளித்து, அவை வயிறார்ந்த பின்னர் சாமந்திக்குக் கொடுத்தால், உணவைப் பறிக்க வரும் மீன் உணர்நீட்சிகளில் சிக்குவது தவிரும்.

கையுறையின்றிச் சாமந்தியைத் தொடுதல் கூடாது. சிலருக்குச் சிறு தடிப்போடு நின்றுவிடும். ஒவ்வாமை உடையோர்க்கு அது பெருந்துன்பமாகலாம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவமனை செல்லுதல் வேண்டும். தொட்ட கையால் கண்ணைத் தொடலாகாது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும் ஆதலின், தொட்டிக்குள் கைவிடுமுன் மின்னிணைப்புகளைத் துண்டித்தல் இன்றியமையாதது. சிறுவர் உள்ள இல்லங்களில் தொட்டிக்கு மூடி வேண்டும்.

அறுபதாண்டு வாழ்ந்த உயிர்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் டாலியெல் என்னும் அறிஞர் 1828-இல் கடற்கரையிலிருந்து ஒரு சிறு கடல் சாமந்தியை எடுத்து வந்து, கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். 1851-இல் அவர் மறைந்தார், சாமந்தி மறையவில்லை. பிற அறிஞர்களின் கைகளுக்கு ஒருவர்பின் ஒருவராக அது மாறியது. 'பாட்டி' என்ற பொருளில் அதனைச் செல்லப்பெயரிட்டு அழைத்தனர். 1887-இல்தான் அது இறந்தது. இன்றுள்ள விளக்குகளும் மோட்டார்களும் இல்லாத காலத்தில், கடல்நீரைத் தவறாது மாற்றிய பொறுமையே அதனை ஏறத்தாழ அறுபதாண்டு காத்தது.

அதே நூற்றாண்டு வேறொரு பாடத்தையும் தருகிறது. 1854-இல் 'தி அக்வேரியம்' என்னும் நூலை எழுதிய பிலிப் ஹென்றி காஸ், இங்கிலாந்தின் கடற்கரைப் பாறைக்குளங்களின் அழகை மக்களுக்கு எடுத்துரைத்தார். படித்தோர் கூட்டம் கூட்டமாகச் சென்று அள்ளினர். மலர்த்தோட்டம் போன்றிருந்த அக்குளங்கள் வெறுமையானதை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில் வருத்தத்துடன் பதிவு செய்தார். காட்ட விரும்பியவரின் நூலே அழிவுக்கு வழிகாட்டியாயிற்று.

நம் கடற்கரைக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. எனவே தொட்டிக்குப் பவளப்பாறைத் துண்டுகளை நாடாமல் செயற்கைப் பாறைகளைக் கொள்ளுதல் வேண்டும். கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையும் இன்றில்லை. மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதனைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறைகளை வகுத்துள்ளன. குமிழ்நுனிச் சாமந்தியும் தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகும் இயல்புடையது. அவ்வாறு பெருகியதை வாங்குவதே சிறப்பு.

கோமாளி மீனுக்குத் தொட்டியில் சாமந்தி கட்டாயமில்லை என்று மேலே கண்டோம். ஆதலின் சாமந்தியை வாங்குவோர் மீனுக்காக வாங்குவதாகக் கருதுதல் பொருந்தாது. அது தனக்கென ஒளியும் நீரும் இடமும் வேண்டும் ஓர் உயிர். காத்தால் நம்மினும் நெடுநாள் வாழக்கூடியது. ஓராண்டு காத்திருக்கவும், வாரந்தோறும் நீரைச் சோதிக்கவும், மோட்டார்களுக்கு உறையிடவும் இயலுமெனில் அதனை வாங்கலாம். இயலாதெனில், கோமாளி மீன்கள் இரண்டை மட்டும் வளர்த்து மகிழ்வோம். சாமந்தி கடலில் இருக்கட்டும்.